அணைநீரின் அடியில்

'டெலிவரன்ஸ்' படத்தை ஆண்களின் சாகசக் கதை என்றே சொல்லிவருகிறார்கள். ஜேம்ஸ் டிக்கியின் 1970ஆம் ஆண்டு நாவலை ஜான் பூர்மன் 1972இல் படமாக்கினார். அட்லாண்டா நண்பர்கள் நால்வர், அணை கட்டி மூழ்கடிக்கப்படவிருக்கும் ஜார்ஜியா மலையாறு ஒன்றைக் கடைசியாகப் பார்த்துவிட, காரின் மேல் துடுப்புப் படகுகளைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். தெரியாத ஊர், தெரியாத நீர். நம்மில் எத்தனை பேர் தோழிகளோடு இப்படிக் கிளம்பியிருக்கிறோம் என்பது தனிக் கதை.

காட்டில் பாபியை ஒருவன் வல்லுறவு செய்கிறான். லூயிஸ் அம்பெய்து அவனைக் கொல்கிறான். போலீசிடம் போகலாம் என்கிறான் ட்ரூ. உள்ளூர் ஜூரி நம்மை விடாது என்கிறான் லூயிஸ். ஓட்டெடுப்பு நடக்கிறது. பாபியின் காரணம் வேறு: நடந்தது வெளியே தெரியக் கூடாது.

வகுப்பில் திரையிட்டபோது பின்வரிசையில் சிரிப்பு. "அவன் ஏன் மேடம் போலீஸ்ல சொல்லல?" என்றான் ஒருவன். "நாங்க ஏன் சொல்றதில்லையோ, அதனாலதான்" என்றாள் முன்வரிசைப் பெண். சிரிப்பு நின்றது.

ஆணுக்கு நேர்ந்தால்தான் உலகம் அதிர்கிறது என்று இப்படத்தை ஒதுக்கும் வாசிப்பு எனக்குப் போதவில்லை. 'மானம்' எப்படி வாயை அடைக்கிறது என்பதை ஓர் ஆண் உடலில் வைத்தே காட்டிவிடுகிறார்கள். என் கோபம் வேறிடத்தில்: மலையின் ஏழைகள் இதில் மனிதர்களாகவே தெரிவதில்லை, பெண்களோ ஓரத்தில் நிற்கிறார்கள். கடைசியில், எட்டின் கனவில் அணைநீரிலிருந்து ஒரு கை எழுகிறது. திடுக்கிட்டு விழிப்பவனை மனைவி தூங்கச் சொல்கிறாள். அவளிடமும் அவன் சொல்வதில்லை.