உரைகாட்டும் உறுப்புகளின் தேர்வும் தொடக்கநிலைக் கற்பித்தலும்

கற்பிக்கும் பொருளினும் கற்பிக்கும் வைப்புமுறையே பல வேளைகளில் மாணவர் உள்ளத்தில் ஆழப் பதிகின்றது. எழுத்தை முன்வைத்துச் சொல்லை அதன்பின் வைத்த தொல்காப்பியத்திற்கு உரை காணப் புகுந்தோர், இது முன்னும் அது பின்னும் வைக்கப்பட்டமைக்குக் காரணம் கூறிச் செல்லும் மரபினை யாவரும் அறிவர். கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்பிப்போரும் இவ்வினாவினின்று நீங்கியவர் அல்லர். சாளரமும் பொத்தானும் உடைய நிரலை எழுதப் புகும் தொடக்க மாணவர்க்கு, திரையில் உரையைக் காட்டுதற்கு எவ்வுறுப்பை முதற்கண் அறிமுகப்படுத்துவது? கணினித்தமிழ் இலக்கிய மாணவர்க்கும் பாடமாகிவிட்ட இந்நாளில், இதனைப் பொறியியலாரே ஆராய்க என்று தமிழ்த்துறையினர் ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. உரை என்பது யாது என்னும் கேள்வி இதனுள் மறைந்து கிடக்கின்றது. அக்கேள்வியோ நமக்கு உரியது.

ஈண்டு ஆராய்ச்சிக்கு யாம் எடுத்துக்கொண்டது ஜாவா மொழியின் ஸ்விங் என்னும் தொகுதி. 1996-இல் வெளிவந்த ஜாவாவின் முதற்பதிப்பில் ஏ.டபிள்யூ.டி. என்னும் சிறு தொகுதியே இருந்தது. 1998 இறுதியில் வந்த 1.2 பதிப்பிலே ஸ்விங் மொழியின் பகுதியாக நிலைபெற்றது. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் அதன் புதுமையன்று. புதுமை கழிந்து பல்லாண்டுகள் ஆயின. சன் நிறுவனத்தாரால் தொடங்கப்பெற்று, 2010-க்குப் பின் ஆரக்கிள் நிறுவனத்தார் பொறுப்பில் வந்த 'ஜாவா டுட்டோரியல்' என்னும் பயிற்சிநூல், உரை உறுப்புகளை விரிவாக எடுத்துக்காட்டுகளோடு விளக்குகின்றது. அவ்வெடுத்துக்காட்டுகளை ஓர் இலக்கியப் பனுவலை ஆராய்வதுபோல் வரிவரியாக நோக்குதற்கு இடமுண்டு.

ஸ்விங்கில் உரையைக் காட்டவல்ல உறுப்புகள் பல. ஜேலேபிள் ஒரு சிறு தொடரைத் தாங்கும். ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு ஒருவரி உரையைப் பெறும். ஜேடெக்ஸ்ட்ஏரியா பலவரி உரைக்கு உரியது. ஆயின் எழுத்துரு முழுமைக்கும் ஒன்றே. ஜேஎடிட்டர்பேனும் அதன் வழித்தோன்றலாகிய ஜேடெக்ஸ்ட்பேனும் பல வண்ணமும் பல எழுத்துருவும் படமும் கலந்த உரைக்கு உரியன. இவற்றுள் லேபிள் ஒழிந்த ஏனைய யாவும் ஜேடெக்ஸ்ட்காம்பொனென்ட் என்னும் ஒரு தாயின் மக்கள். லேபிள் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இவ்வேறுபாட்டைப் பலர் எளிதிற் கடந்து செல்கின்றனர். யாம் கூறவருவதற்கோ அதுவே அடிப்படை.

டுட்டோரியலின் தொடக்கப் பகுதியில் அமைந்த 'ஹலோவேர்ல்டுஸ்விங்' என்னும் நிரல், உலகிற்கு வணக்கம் கூறும் இரு சொற்களை லேபிள் ஒன்றில் இட்டுச் சாளரத்தில் காட்டுகின்றது. கெர்னிகானும் ரிட்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழி நூலால் பரவிய வழக்கம் இது. முனையத்தில் ஒருவரி அச்சிடும் அவ்வழக்கத்தைச் சாளரத்திற்குப் பெயர்த்தபோது, லேபிளே மிக எளிது என்று கருதினர் போலும். எளிது என்பது உண்மை; ஒரே தொடரில் நிரல் முடிந்துவிடுகின்றது. ஆயினும் எளிமை எதற்கு எளிமை என்று வினாவுதல் வேண்டும். மாணவர் அடுத்த நாளே இரண்டு வரி காட்ட விரும்புவர். வரிமுறிப்புக் குறியை இடையே இடுவர். லேபிள் அதனைப் பொருட்படுத்தாது. நீண்ட தொடரை இடுவர். இடம் போதாதவழி லேபிள் அதன் கடைப்பகுதியைக் களைந்து மூன்று புள்ளிகளை இட்டுவிடும். குறட்பா ஒன்றை இட்ட மாணவர் அதன் ஈற்றுச்சீர் காணாமற்போனமை கண்டு, தம் நிரலில் பிழை தேடி இடர்ப்படுவர். அந்நிலையில் ஆசிரியர் கூறும் தீர்வு, தொடரின் முன் ஹெச்.டி.எம்.எல். குறியை இடுக என்பது. அதுவரை ஒரு மொழி பயின்ற மாணவர், இரண்டு வரி காட்டுதற்கு இன்னொரு மொழியைக் கற்கவேண்டியவர் ஆகின்றார். லேபிளில் உள்ள உரையைச் சுட்டியால் தேர்ந்து படியெடுத்தலும் இயலாது.

இவையெல்லாம் லேபிளின் குற்றங்கள் அல்ல. லேபிள் பெயர்ப்பலகை, ஒன்றன் பெயரைச் சுட்டுவதே அதன் தொழில். பெயர்ப்பலகையில் காப்பியம் எழுதப் புகுவார் குற்றமே குற்றம்.

அந்நூலிலேயே உரை உறுப்புகளுக்குரிய பகுதியில் 'டெக்ஸ்ட்டெமோ' என்னும் மற்றொரு நிரல் உள்ளது. அளவிற் சிறியது, யாம் கண்டவற்றுள் தொடக்க மாணவர்க்கு மிகப் பொருத்தமானது இதுவே. மேலே ஒருவரிக் கட்டம், கீழே உரைப்பரப்பு, வேறொன்றும் இல்லை. கட்டத்தில் தட்டி என்டர் விசையை அழுத்தினால், தட்டியது பரப்பின் இறுதியில் புதுவரியாகச் சேர்கின்றது. பரப்பு பயனர் திருத்த இயலாதவாறு அமைக்கப்பட்டு, உருளும் சட்டமாகிய ஜேஸ்க்ரோல்பேனுள் வைக்கப்பட்டுள்ளது. பெறுதல், சேர்த்தல், காட்டல் என்னும் மூன்றும் ஒரு பக்கத்துள் அடங்கிவிடுகின்றன. உரைப்பரப்பு தானே உருளாது, உருளும் தன்மை வேறோர் உறுப்பினால் வருவது என்பதும் இங்கே மாணவர்க்குச் சொல்லாமலே விளங்கும். பரப்பை மட்டும் வைத்துவிட்டு உருள்பட்டை எங்கே என்று தேடும் இடர்ப்பாடு தொடக்க மாணவரிடையே மிகுதி.

அந்நிரலின் முடிவில் ஒரு வரி வருகின்றது. பரப்பின் ஆவணத்திடம் அதன் நீளத்தைக் கேட்டு, சுட்டிக்குறியை அங்கே நிறுத்துக என்பது அதன் கருத்து. புதிதாய்ச் சேர்ந்த வரி கண்ணுக்குப் புலப்படல் வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. நூலார் இதனை மிகச் சுருங்கக் கூறி அகன்றனர். எம் கருத்தில் அந்நிரலின் உயிர்நிலை அவ்வரியே. உரை வேறு, உரையைக் காட்டும் பரப்பு வேறு; பரப்பு கண்ணாடி, ஆவணமே பொருள் என்னும் உண்மை அங்கே முதன்முதலாக வெளிப்படுகின்றது. சுவடியையும் சுவடியில் உள்ள நூலையும் வேறுபடுத்தி அறியப் பழகிய பதிப்பாசிரியர்க்கு இது புதிதன்று. லேபிளில் இவ்வேறுபாட்டைக் காட்டுதற்கு வழியே இல்லை. அதற்கு ஆவணம் கிடையாது.

ஆவணத்தின் நீளத்தைக் கேட்கும் அவ்வரியே தமிழ் மாணவரை எதிர்பாராத இடத்திற்கு இட்டுச்செல்லும். 'தமிழ்' என்னும் சொல்லைப் பரப்பில் இட்டு நீளம் கேட்டால் 5 என்று விடை வரும். நம் இலக்கணப்படி எழுத்து மூன்று. யூனிகோடு முறையில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அது அமைந்திருத்தலே காரணம். 'ஸ்ரீ' என்பதன் நீளம் 4. 'கொ' என்பதோ ஒகரக்குறியை ஒன்றாக இட்டால் 2, எகரக்குறியும் துணைக்காலுமாகப் பிரித்து இட்டால் 3. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கட்டத்தில் 'மி' என்று தட்டிப் பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால் மகரம் எஞ்சி நிற்கும். உயிர்மெய்யின் உயிர் மட்டும் நீங்கியதுபோல. இலக்கண மாணவர்க்கு இதனினும் சுவையான பாடம் வேறில்லை. கண்ணுக்குப் புலனாவதும் உள்ளே சேமிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதை முதல் வாரத்திலேயே கண்டவர், பின்னர் அசையெண்ணும் நிரலோ எதுகை தேடும் நிரலோ எழுதும்போது தடுமாறார். லேபிளில் தொடங்கியவர் இதனை எப்போது காண்பார் என்பது ஐயத்திற்குரியது.

டெக்ஸ்ட்டெமோவில் குறையும் உண்டு. கட்டம் 20 எழுத்திட அகலமும், பரப்பு 5 வரி உயரமும் 20 எழுத்திட அகலமும் உடையன. எழுத்திடம் என்பதன் அளவு யாது? உரோமன் எழுத்தாகிய சிறிய 'எம்' அவ்வெழுத்துருவில் கொள்ளும் அகலமே ஓர் எழுத்திடம் என ஸ்விங் வகுத்துள்ளது. ஆங்கிலத்திற்கே அது தோராய அளவு. 'ணை', 'ஞௌ' முதலியவற்றை எழுதும் நமக்கு அவ்வளவும் அன்று. இருபது என்று எழுதிவிட்டு இருபது தமிழெழுத்து அடங்கும் என்று மாணவர் எண்ணுவது இயல்பு. அளவுகோல் எம்மொழியினது என்று ஆசிரியர் முன்னரே உரைத்தல் நன்று. அன்றியும் அந்நிரலில் வரி மடிப்பு அமைக்கப்படவில்லை. அமைக்காதவழி ஸ்விங் தானாக மடிக்காது, வரி வலப்புறம் நீண்டுகொண்டே செல்லும். மடிப்பதிலும் இருவகை உண்டு. ஒன்று இடம் முடிந்தவிடத்துச் சொல்லின் நடுவிலேனும் முறிப்பது; மற்றொன்று சொல் எல்லை நோக்கி முறிப்பது. முன்னையதே இயல்பமைவு. சொற்கிடையே இடம்விடாது ஓலை முடியும்வரை எழுதி, முடிந்தவிடத்து முறித்து அடுத்த வரிக்குச் சென்ற ஏட்டெழுத்தாளர் இதனைக் கண்டால் தம்மவர் என்றே கருதுவர்! இக்கால வாசகர்க்குச் சொல்லெல்லை வேண்டும். ஆயினும் புணர்ச்சியால் நீளும் தமிழ்ச்சொற்கள் குறுகிய பரப்பில் சொல்லெல்லையில் முறியும்போது வலப்புறம் பெருவெளி விடும். ஆதலின் பரப்பை அகலமாக அமைத்தல் தமிழுக்கு இன்றியமையாதது.

உரைப்பரப்பினும் வளமான ஜேடெக்ஸ்ட்பேனிலேயே தொடங்கினால் என்னை என்று வினாவுவாரும் உளர். பாடவேறுபாட்டைச் செந்நிறத்திலும் மூலத்தைத் தடித்த எழுத்திலும் காட்டலாமன்றோ என்பர். டுட்டோரியலின் 'டெக்ஸ்ட்சாம்ப்ளர்டெமோ' அவ்வழியில் அமைந்தது. அனைத்து உறுப்புகளையும் ஒரே சாளரத்தில் நிறுத்துகின்றது. அருங்காட்சியகமாக அது நன்று, பாடமாக நன்றன்று. வண்ணமிடும் பாணிகளை வரையறுத்து, ஆவணத்தில் இடம் சுட்டிச் செருகும் தொழிலில், உரையைக் காட்டல் என்னும் முதற்பொருள் புதைந்துபோகின்றது. நன்னூலார் மிகைபடக் கூறலைக் குற்றமென வைத்தது நூலுக்கு மட்டும் அன்று. அந்நிரலில் உரைப்பரப்பிற்குச் சாய்வெழுத்து ஏன் கொடுத்தனர் என்பதும் எமக்கு விளங்கவில்லை.

பயனர் திருத்தாதவாறு பரப்பை அமைத்தல் குறித்து ஒன்று கூறல் வேண்டும். திருத்தவொண்ணாமை வேறு, செயலிழக்கச் செய்தல் வேறு. முன்னதில் உரை தெளிவாகவே நிற்கும். பயனர் தேர்ந்து படியெடுக்கலாம். நிரலும் மேன்மேலும் சேர்க்கலாம். பின்னதில் உரை மங்கும், தேர்தலும் இயலாது. பைத்தான் மாணவர் பயிலும் டிகே தொகுதியிலோ நிலை வேறு. அங்கே உரையுறுப்பைச் செயலிழந்த நிலையில் வைத்தால் பயனர் மட்டுமன்றி நிரலும் ஒன்றும் எழுத இயலாது. பிழையென்றும் அது கூறாது, வாளா இருந்துவிடும். நிரல் எழுதுமுன் நிலையை மீட்டு, எழுதியபின் மீண்டும் பூட்டுதல் வேண்டும். வரியை 1 முதலும் எழுத்தை 0 முதலும் எண்ணும் வழக்கம் அதனோடு சேர்ந்தால் தொடக்க மாணவர் படும் இடர் பெரிது.

டிகேயிடம் இதனினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. அதன் 8.6 பதிப்பு, லினக்ஸ் முறைமையில், சேமித்த வரிசையிலேயே குறிகளை வரைகின்றது. எழுத்துகளைக் கூட்டி வடிவமைப்பதில்லை. எனவே மெய்யின் இடப்புறம் வரவேண்டிய எகரக்குறியும் ஐகாரக்குறியும் வலப்புறம் விழுகின்றன. விண்டோஸில் இக்குறை இல்லை. வீட்டில் ஒழுங்காகத் தோன்றிய தம் நிரல், லினக்ஸ் நிறுவிய கல்லூரிக் கணிப்பொறியில் சிதைவதைக் காணும் மாணவர், தமிழே கணிப்பொறிக்கு ஒவ்வாத மொழி என்று முடிவுசெய்து விடுகின்றார். தொடக்கத்தில் ஏற்படும் இவ்வெண்ணத்தைப் பின்னர்க் களைதல் அரிது. பைத்தான் எளிய மொழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழுரை காட்டும் வகுப்பிற்கு உறுப்பைத் தேருமுன், எம்முறைமையில் மாணவர் பயில்வர் என்று ஆசிரியர் நோக்குதல் கடமை. ஜாவா, 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல், ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்து வடிவமைப்புப் பொறியைக் கையாளுகின்றது.

சாளரமே வேண்டா, முனையத்தில் அச்சிடுதலே தொடக்க மாணவர்க்குப் போதும் என்பார் கூற்றையும் எண்ணிப் பார்த்தோம். ஏ.சி.எம். என்னும் கணிப்பொறியாளர் சங்கம் 2004-இல் அமைத்த ஜாவாக் குழு, 2006-இல் அளித்த நூலகத்தில் இதற்கு நடுவழி ஒன்று கண்டது. மாணவர் எழுதுவது முனையத்திற்கு உரிய அச்சிடும் தொடரே. அது தோன்றுவதோ உருளும் உரைப்பரப்பை உடைய சாளரத்தில். கற்பித்தலில் தேர்ந்த அக்குழுவினர் உரைக்கு முதலிடமாகப் பரப்பையே வைத்தனர் என்பது எம் கருத்திற்கு அரண். ஆயின் அந்நூலகம் பரப்பைத் திரைக்குப் பின்னே மறைத்துவிடுகின்றது. மாணவர் அதனைத் தாமே அமைத்துப் பார்க்கும் வாய்ப்பு நழுவுகின்றது.

டெக்ஸ்ட்டெமோவைச் சற்றே மாற்றி இலக்கிய மாணவர்க்கு முதற்பயிற்சியாக்கலாம். கட்டத்தில் ஒரு சொல்லை இடுக. நிரல் ஒரு கோப்பில் உள்ள பாடல்களை வரிவரியாகப் படித்து, அச்சொல் வரும் அடிகளை மட்டும் பரப்பில் சேர்த்துக்கொண்டே செல்க. சிறு சொல்லடைவு ஒன்று இவ்வாறு உருப்பெறும். பின்னர் இரண்டாவது பரப்பு ஒன்றை அமைத்து, முதற்பரப்பின் ஆவணத்தையே அதற்கும் கொடுக்கச் செய்க. ஒன்றில் சேர்த்த அடி மற்றொன்றிலும் அக்கணமே தோன்றும். இரண்டாவதின் எழுத்துருவைப் பெரிதாக்கினாலும் ஆவணத்தின் நீளம் மாறாது என்பதை மாணவர் கேட்டறியட்டும்.