போர்க்காலச் சட்டமும் மூதூரின் பாடமும்

"முதலில் பாதுகாப்பு, சுதந்திரம் பின்னர்" என்று போர்க்காலத்தில் வாதிப்போர் எந்நாட்டிலும் உளர். மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வாதம் நியாயமாகவே தோன்றும். கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரின் அனுபவத்தைக் கொண்டு அதனை உரைத்துப் பார்த்தல் தகும்.

2006 யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்றின் மதகை மூடினர். உழவரின் நீர் போர்க்கருவியாயிற்று. ஆகஸ்டுத் தொடக்கத்தில் போர் மூதூர் நகருக்குள் புகுந்தது. முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாய்க்கு ஏதிலிகளாகச் சென்றனர். கிழக்கேயிருந்த தமிழ்க் கிராமத்தவரும் ஷெல் வீச்சினால் ஊரிழந்தனர். ஆகஸ்டு 4ஆம் நாளன்று பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர் 17 பேர் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படையினரைப் பொறுப்பாளிகளெனக் கூறிற்று, அரசு மறுத்தது. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அதனை அவதானிக்க வந்த சர்வதேசப் பிரமுகர் குழு 2008இல் அதிருப்தியுடன் விலகிற்று. கொலையாளி எவரும் தண்டிக்கப்படவில்லை.

அரசிடம் அதிகாரம் குறைவாக இருந்ததோ? இல்லை. 1947ஆம் ஆண்டின் வேலைநிறுத்த அலையை ஒடுக்க ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்த பொதுசனப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. மூன்றாண்டுக்கென 1979இல் கொணர்ந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டமும் இருந்தது. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தையே அச்சட்டம் சாட்சியமாக ஏற்றது. விசாரணையின்றி ஒருவரைப் பதினெட்டு மாதம் அடைத்துவைக்க வல்ல அரசு, பதினேழு பேரைக் கொன்றவரை ஒருநாளேனும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. மக்களிடமிருந்து பறித்த உரிமை மக்களின் பாதுகாப்பாக மாறவில்லை. கேள்வி கேட்கப்படாத அதிகாரமாக மாறிற்று.

"பின்னர்" என்ற வாக்குறுதியோ? 2007இல் சம்பூர்ப் பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இல் போர் முடிந்தது. எனினும் மக்கள் தம் காணியின் ஒரு பகுதியைக் காணவே 2015 வரை காத்திருந்தனர்.

உரிமை போர் முடிந்தபின் வழங்கப்படும் பரிசன்று. போர் நடக்கும்போதே ஆயுதமற்றவனைக் காக்கவேண்டிய அரண் அது. தமிழர் உரிமை, முஸ்லிம் உரிமை, சிங்களர் உரிமை எனப் பிரித்துக் காக்க முனைவோர் அவ்வரணின் கற்களைத் தாமே பெயர்க்கின்றனர். வகுப்பறையில் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர், மூதூரின் இந்த வரலாற்றையும் மாணவர் முன் வைக்கக் கடமைப்பட்டவர்.