கேளாத கச்சேரி

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு ஏறத்தாழ அரை மணி நேரம் பாடியது. மொத்தம் 12 பாட்டு. வந்திருந்தவர்கள் 55,600 பேர். அவர்களில் பெரும்பாலோர் காதில் பாட்டு சரியாக விழவில்லை. பாடியவர்கள் காதிலும் விழவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னால் நின்ற மூவரின் தலையாட்டலையும் இடுப்பசைவையும் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டார். ராக் இசையில் மிக அதிகமாகக் கொண்டாடப்படும் கச்சேரிகளில் ஒன்று இது.

பழி வழக்கமாக ரசிகைகளின் தலையில்தான் விழும். பதின்வயதுப் பெண்கள் கத்தினார்கள், அழுதார்கள், மயங்கி விழுந்தார்கள், வேலியேறிக் குதித்துப் போலீஸ்காரர்களிடம் பிடிபட்டார்கள். இசை மூழ்கிப்போயிற்று என்பார்கள். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தக் கூட்டம் கத்தும் என்பது யாருக்குத் தெரியாது? முந்தைய ஆண்டு அமெரிக்கா முழுக்க அதுதானே நடந்தது. தெரிந்தும், மெட்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்து நடுவில் மேடை போட்டார்கள். கிட்டார்களுக்கு வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். குரலுக்கோ, ஆட்டக்காரர் பெயரை அறிவிக்க வைத்திருந்த மைதானத்து ஒலிபெருக்கிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பாடுபவருக்குத் தன் குரல் திரும்பக் கேட்க மேடையில் ஒரு ஸ்பீக்கர்கூட இல்லை. அத்தனை பேரும் வாய்மூடி உட்கார்ந்திருந்தாலும் கடைசி வரிசைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்பது சந்தேகமே.

இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தது கணக்கு. நிகழ்ச்சி அமைப்பாளர் சிட் பெர்ன்ஸ்டைன் 1964 பிப்ரவரியில் இதே குழுவைக் கார்னகி ஹாலில் பாடவைத்தவர்; அங்கே இடம் போதாமல் எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்று கண்டவர். மைதானம் என்றதும் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன், நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் மானம் போகுமே என்று தயங்கினார். விற்காத ஒவ்வோர் இடத்துக்கும் 10 டாலர் தருகிறேன் என்றாராம் பெர்ன்ஸ்டைன். அவர் தர வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரே இரவில் வசூல் 3,04,000 டாலர். குழுவின் பங்கு 1,60,000. அதன்பின் எந்தப் பெரிய குழுவுக்குத்தான் சின்ன அரங்கு போதும் என்று தோன்றும்?

இருந்தும், மைதானக் கச்சேரி வெறும் வசூல் தந்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. டிக்கெட் 5 டாலரை ஒட்டியே இருந்தது. பள்ளி மாணவி சேர்த்துவைத்து வாங்கக்கூடிய விலை. கூட்டம் என்ற முறையிலும் அதற்கு ஒரு வலு உண்டு. 1964இல் புளோரிடாவின் கேட்டர் பௌல் மைதானத்தில், கறுப்பர்களைத் தனியே உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று பீட்டில்ஸ் சொன்னபோது அந்தப் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், மைதானத்தை நிரப்பக்கூடியவர்கள் சொன்னார்கள் என்பதே. கத்திய பெண்களைப் பற்றி எழுத்தாளர் பார்பரா எரன்ரைக்கும் அவருடன் எழுதிய இருவரும் வேறொரு கோணம் தந்தார்கள்: அடக்கமாக இரு என்றே வளர்க்கப்பட்ட பெண்கள் பொதுவெளியில் கூட்டாக அடக்கத்தை உதறிய முதல் பெரும் வெடிப்பு அது என்று. இதைக் கொஞ்சம் மிகை என்று சொல்லலாம். ஆனாலும், பைத்தியம் பிடித்த கூட்டம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியதைவிட இது உண்மைக்கு அருகில் இருக்கிறது. அந்தப் பெண்கள் பாட்டை ரெக்கார்டில் மனப்பாடமாகக் கேட்டுவிட்டு வந்தவர்கள். அன்று அங்கே இருப்பதற்காக வந்தார்கள், இருந்தார்கள். அவர்கள் கொடுத்த காசு வீணாகவில்லை.

வீணானது இசை. அந்தக் கச்சேரியைப் படமாக்கியவர்களுக்கே ஒலிப்பதிவு போதவில்லை. 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் குழுவை உட்காரவைத்துச் சில பகுதிகளை மறுபடி வாசித்துச் சேர்த்தார்கள். ஒரு பாட்டுக்கு ரெக்கார்டையே ஓடவிட்டார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது அதே ஆண்டின் இன்னொரு கதை. 1966 ஆகஸ்டில் ‘ரிவால்வர்’ வெளிவந்த கையோடு அமெரிக்கப் பயணம். அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட மேடையேறவில்லை. நுணுக்கமாகக் கட்டிய இசைக்கு அந்த மைதானங்களில் இடமில்லை. ஷேவில் இரண்டாம் முறை பாடியபோது ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலி. ஆகஸ்ட் 29 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் கச்சேரியோடு டிக்கெட் விற்றுப் பாடும் வேலையையே நால்வரும் நிறுத்திவிட்டார்கள். ஸ்டூடியோவுக்குள் போனார்கள், அடுத்த ஆண்டு ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பம் வந்தது.

ஒலிக் குறையைப் பிறகு பொறியாளர்கள் தீர்த்தார்கள். பாடகர் தன்னைக் கேட்க மேடையில் ஸ்பீக்கர் வந்தது, பின்வரிசைக்கென்று தனிக் கோபுரங்கள் வந்தன. கூடவே இன்னொன்றும் மாறியது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஷேவில் ரசிகர்கள் எல்லாரும் மாடங்களில் இருந்தார்கள். மேடைக்கும் அவர்களுக்கும் நடுவே புல்வெளி காலியாகக் கிடந்தது. பார்க்க அபத்தமான இடைவெளி, ஆனால் நெரிசலில் யாரும் சாகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பின்னாளில் மேடைக்கு முன்பாகவே கூட்டத்தை நிற்கவைத்தார்கள். நெருக்கம் கிடைத்தது, நெருக்கத்தின் எரிச்சலும். 1977இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், முன்னால் நின்று தொல்லை தந்த ரசிகர் மேல் துப்பினார். தன்மேலேயே வந்த அந்த அருவருப்பிலிருந்துதான் ‘தி வால்’ ஆல்பத்தின் கரு பிறந்தது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்தது மரணம். 1979 டிசம்பர் 3, தி ஹூ குழுவின் கச்சேரி. ரிவர்ஃபிரன்ட் கொலீசியம் என்ற உள்ளரங்கம். பெரும்பாலான டிக்கெட்டுகளில் இருக்கை எண் கிடையாது, முந்தியவருக்கு முன்னிடம். திறந்த கதவுகளோ சில. வாசலிலேயே நசுங்கி 11 பேர் இறந்தார்கள். உள்ளே கச்சேரி நடந்து முடிந்தது. குழுவுக்குச் செய்தி அதன் பிறகே சொல்லப்பட்டது. அப்போதும் ரசிகர்களின் வெறியைத்தான் முதலில் ஏசினார்கள். நகர நிர்வாகம் மட்டும் கோளாறு எங்கே என்று கண்டுகொண்டது: அந்த மாதமே எண்ணிடாத இருக்கை முறையைத் தடை செய்தது. பெரிய குழுக்கள் நம் ஊருக்கு வராமல் தாண்டிப் போகின்றன என்ற முணுமுணுப்பு வளர்ந்தபோது, 2004இல் அந்தத் தடையை நீக்கியதும் அதே நகர நிர்வாகம்தான்.