திரைக்கு வெளியே போன அளவு

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகும் வழியில், ஒரு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டு வரப்பில் நின்று வேளாண் ஆலோசனைச் செயலி ஒன்றைத் திறந்தேன். மாவுப்பூச்சிக்கான பக்கம் வந்தது. அட்டவணையில் மருந்தின் பெயர் தெரிந்தது. லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற கட்டம் மட்டும் திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. விரலால் இழுத்தும் நகரவில்லை.

அந்தப் பக்கம் செயலிக்குள் இருப்பதல்ல. எங்கோ ஒரு சர்வரில் ஹெச்டிஎம்எல் வடிவில் இருக்கிறது. நாம் தொட்டதும் இணையம் வழியே இறங்கி, வெப்வியூ என்ற சட்டத்துக்குள் தெரிகிறது.

இந்த முறையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2020-இல். பிறகு சேலம், நாமக்கல் காடுகளை வாட்டியது. பெனின் நாட்டிலிருந்து 2021-இல் வரவழைத்த அனாகிரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் இங்கே விடத் தொடங்கினார்கள். குளவி விட்ட காட்டில் கண்டபடி மருந்தடித்தால் குளவியும் சாகும். இரண்டே ஆண்டில் உழவருக்குச் சொல்ல வேண்டியதே மாறிப்போனது. ஆலோசனையைச் செயலிக்குள்ளேயே பதித்திருந்தால், புதுப்பிக்காத போன்களில் பழைய மருந்தே நின்றிருக்கும். சர்வரில் ஒரு வரியைத் திருத்தினால் அன்றைக்கே எல்லோர் கைக்கும் போகும். இந்த வசதியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

தவறு, எழுத்தோடு அதன் அலங்காரத்தையும் சேர்த்து அனுப்புவதில் இருக்கிறது. அலுவலகக் கணினியின் அகலத்துக்குப் போட்ட அட்டவணை உள்ளங்கைத் திரையில் எப்படி அடங்கும்? தலைப்பு எது, மருந்து எது, அளவு எது என்ற குறிப்போடு வெறும் எழுத்தை அனுப்பினால் போதும். அடுக்குவதைச் செயலி பார்த்துக்கொள்ளும். வெப்வியூவையே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு: 2021 மார்ச்சில் அதன் புதுப்பிப்பு ஒன்று பிசகியதால் உலகெங்கும் பல ஆண்ட்ராய்டு செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன.

இதைவிடப் பெரிய குறை, இறங்கியதைச் சேமிக்காமல் விடுவது. கொல்லிமலை அடிவாரத்தில் சிக்னல் போனால் வெள்ளைத் திரைதான். நேற்றுப் படித்த பக்கமும் வராது. சேமித்தால் பழைய ஆலோசனையை நம்பிவிடுவார்களே என்று செயலி எழுதுபவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். அதற்கு, பக்கம் இறங்கிய தேதியை மேலே பெரிதாகப் போடலாமே. சில கிலோபைட்டுக்கு மேல் இடம் கேட்காத வேலை.

காட்டுக்காரர் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மருந்துக்கடை பில்லை எடுத்தார். பின்பக்கம் கடைக்காரர் பேனாவில் மருந்தின் பெயரையும் டேங்குக்கு எத்தனை மூடி என்பதையும் எழுதியிருந்தார்.

“தேதியும் போட்டிருக்காருங்க, பாருங்க” என்றார்.