ஓடிப்போனவனும் எரிந்துபோனவளும்

'ரிசர்வேஷன்' என்று சொன்னதும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு காலேஜ் சீட்டுதான் ஞாபகம் வந்தது. "அக்கா, அமெரிக்காவுலயும் கோட்டாவா?" என்றான் ஒருத்தன். இல்லடா, அங்க அது ஒரு இடம், நெலத்தப் பிடுங்கிக்கிட்டு மிச்சத்துல கொண்டுபோய் அடைச்சு வச்ச இடம் என்றேன். "அப்ப சேரின்னு சொல்லுங்க" என்றான். வாசிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

ஷெர்மன் அலெக்ஸி 2007இல் எழுதிய நாவல் அது. 'பகுதிநேர இந்தியன் ஒருவனின் முற்றிலும் உண்மையான நாட்குறிப்பு' என்று தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். அந்த வருடமே அமெரிக்காவில் இளையோர் இலக்கியத்துக்கான தேசியப் புத்தக விருது பெற்றது. 2010 முதல் 2019 வரை அந்த நாட்டில் அதிகமாகத் தடை கேட்கப்பட்ட புத்தகம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் போட்ட பட்டியலில் முதலிடம். பெற்றோர்கள் கெட்ட வார்த்தை இருக்கிறது, அசிங்கம் இருக்கிறது என்றார்கள். நமக்குப் பழகின குற்றச்சாட்டுதான். அகராதி வைத்துக்கொண்டு இங்கிலீஷில் படித்து, சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் கதையாகச் சொன்னேன்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் பூர்வகுடிகளின் ரிசர்வேஷன். ஜூனியர் என்ற பதினாலு வயசுப் பையன். திக்குவாய், பெரிய தலை, எல்லாரிடமும் உதை வாங்குகிறவன். பள்ளியில் கணக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள். திறந்தால் உள்ளே அவன் அம்மாவின் பெயர்! அவள் படித்த அதே புத்தகம். ஆத்திரத்தில் வீசுகிறான், வெள்ளைக்கார வாத்தியார் மூஞ்சியில் படுகிறது. இந்த இடத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் தட்டத் தோன்றியது. கிழிந்த புத்தகமும் அட்டையில்லாத அட்லசும் வாங்கிப் படித்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை எழுத வேண்டியதில்லை.

வறுமையை அழுது காட்டாமல் சொல்லத் தெரிந்தவர் அலெக்ஸி. நாய்க்கு உடம்பு சரியில்லை, வைத்தியத்துக்குக் காசில்லை. அப்பா துப்பாக்கியை எடுக்கிறார். ஒரு தோட்டா இரண்டு சென்ட்தான், அதை யாராலும் வாங்க முடியும். அவ்வளவுதான் சொல்கிறான் பையன். நம்முடைய தன்வரலாறுகள் பலவற்றில் இந்தச் சிக்கனம் கிடையாது என்பதையும் சொல்லித்தான் ஆகணும்.

அப்புறம் வருகிறது சிக்கல். அடிபட்ட வாத்தியாரே வீட்டுக்கு வருகிறார். இந்த இடத்தை விட்டு ஓடிப்போ, இல்லாவிட்டால் அழிந்துபோவாய் என்கிறார். பையன் இருபத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் ரியர்டன் என்ற வெள்ளைக்கார ஊரின் பள்ளிக்குப் போகிறான். அவனைத் தவிர அங்கே இருக்கும் ஒரே இந்தியன் பள்ளிக்கூடச் சின்னத்தில் வரைந்த பொம்மை. யாரிடம் நம்பிக்கை அதிகம் என்று கேட்டால் பெற்றோரே வெள்ளைக்காரர்களிடம் என்கிறார்கள். 1879இல் தொடங்கிய கார்லைல் உறைவிடப் பள்ளியின் பேச்சும் இதேதான்: இந்தியனைக் கொன்று மனுசனைக் காப்பாற்றுவது. அந்த வாத்தியாரும் தன் இளவயசில் அப்படித்தான் அடித்துப் பாடம் நடத்தினேன் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் விடுதலைக்கான வழியையும் அவர் வாயாலேயே சொல்லவைக்கிறது பிரதி. ஏன், அந்தத் தெருவில் ஒரு கிழவிக்கும் அது தெரியாதா?

ஓடிப்போகாதே என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நானும் பஸ் ஏறிப் போய்த்தான் எம்.ஏ. படித்தேன். திரும்பி வந்த முதல் பொங்கலில் "என்னா, ஊர்க்காரி மாதிரிப் பேசற" என்று சின்னம்மா கேட்டது இன்னமும் காதில் இருக்கிறது. ஆகவே அந்தக் கூடைப்பந்து ஆட்டத்தை என்னால் சும்மா படிக்க முடியவில்லை. வெள்ளைப் பள்ளிக்காக ஆடச் சொந்த ஊருக்கு வருகிறான் ஜூனியர். சனங்கள் மொத்தமாக முதுகைத் திருப்பி நிற்கிறார்கள். உயிர்ச் சிநேகிதன் ரவுடி அவனை மயங்கி விழும்படி இடிக்கிறான். அடுத்த ஆட்டம் ரியர்டனில். இவன் பக்கம் செயிக்கிறது, ரவுடியை இவன் மடக்குகிறான். குதிக்கிறான். குதித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்க்கிறான். காலையில் சாப்பிடாமல் ஆட வந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். தன் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காரும் காலேஜும் காத்திருக்கிறது. ஓடிப்போய் வாந்தி எடுத்து அழுகிறான். செயித்ததற்காக வெட்கப்படுவது என்னவென்று இத்தனை சரியாக எழுதினவர் அபூர்வம். இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே புத்தகத்தைக் கையில் வைத்திருக்கலாம்.

ஆனால் மேரி?

மேரி அவனுடைய அக்கா. எழுத்தாளராக ஆசைப்பட்டு, வீட்டு நிலவறையில் முடங்கிக் கிடந்தவள். தம்பி போனதைப் பார்த்து அவளும் கிளம்புகிறாள், கல்யாணம் கட்டி மொன்டானாவுக்கு. குடிவிருந்து நடந்த ராத்திரி டிரெய்லர் வீடு தீப்பிடித்துப் புருசனோடு கருகிப்போகிறாள். போதையில் எழுந்திருக்கக்கூட முடியாதபடி. தம்பி போனால் தைரியம், அக்கா போனால் சாவு. பாட்டியைக் குடிகாரன் காரேற்றிக் கொல்கிறான், அப்பாவின் சிநேகிதன் கடைசி வாய்ச் சாராயத்துக்காகச் சுடப்படுகிறான். எல்லாச் சாவுக்கும் சாராயம். சாராயத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்பது நாலு வரியில் முடிந்துவிடுகிறது. குடிச்சே அழியறானுங்க என்று நம்மைப் பார்த்து ஊர்க்காரன் பேசும் பொதுப்புத்திக்கு இது தீனி போடும். நம் சனத்தின் குடியை நாமே எழுத வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. குடித்த வீட்டுப் பெண்களுக்கு அது மறைக்கிற சமாச்சாரம் இல்லை.

இன்னொன்று. 2018 மார்ச்சில் மூன்று பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லி, அலெக்ஸி பாலியல் சீண்டல் செய்தார் என்று அமெரிக்கத் தேசிய பொது வானொலியில் பேசினார்கள். பூர்வகுடிப் பெண் எழுத்தாளரும் அதில் உண்டு. அதற்குக் கொஞ்சநாள் முன்பே அவர், தன்னால் பிறர் காயப்பட்டிருக்கிறார்கள் என்று மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டிருந்தார். யாருக்கு என்ன செய்தார் என்ற விவரம் அதில் இல்லை. அமெரிக்க இந்திய நூலகச் சங்கம் இந்த நாவலுக்கு 2008இல் கொடுத்த விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வெளியார் யாரும் பிடுங்கவில்லை, சொந்தச் சனமே எடுத்தது. நம் இயக்கங்களில் என்ன நடக்கும்? "எதிரிக்கு எடம் குடுக்காத, தோழர் பேரு கெட்டுப்போகும்" என்பார்கள். நானே கேட்டிருக்கிறேன். ஒரு தோழருக்காக ஒரு தடவை வாயை மூடியும் இருந்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தபிறகு மிச்சக் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பையன்கள் விடவில்லை. கடைசியில் ஆசிரியரைப் பற்றினதையும் சேர்த்தே சொன்னேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்தாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் வேறொன்று கேட்டாள். மேரி தம்பிக்கு எழுதும்போது, தன் வாழ்க்கைக் கதையை எழுத ஆரம்பித்திருப்பதாகச் சொல்கிறாள் இல்லையா, அது எங்கே என்று.

"எரிஞ்சிருக்கும்" என்றேன்.

"அப்படின்னு போட்டிருக்காக்கா?"

அன்றைக்கு ராத்திரி அந்த அத்தியாயத்தைத் திரும்பவும் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.