நூற்றுக்கு நூறு வாங்கிய காடு

சுரங்கம் தோண்டிய இடத்தில் காட்டை மறுபடியும் கொண்டுவர முடியுமா? முடியும், இதோ உதாரணம் என்று சில வருடங்களுக்கு முன் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காட்டைப் பற்றியது. அதைப் படித்த நண்பர் ஒருவர் ஒரே ஒரு வரி கேட்டார்: "எல்லாம் சரி, அந்தக் கிளி எங்கே கூடு கட்டும்?" என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தேடித் தேடிப் படித்ததில், நான் எழுதியதில் பாதி தப்பு என்று தெரிந்தது. தகவல்கள் சரிதான். அவற்றை வைத்து நான் போட்ட முடிவுதான் தப்பு. அதைத் திருத்தவே இந்தப் பதிவு.

முதலில் இடம். பெர்த் நகரத்துக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் டார்லிங் மலைத்தொடர் இருக்கிறது. பெரிய உயரமெல்லாம் இல்லை, நம்ம ஊரில் குன்று என்றுதான் சொல்வோம். அதன் மேல் ஜாரா, மர்ரி என்ற இரண்டு மரங்கள் நிறைந்த காடு. இரண்டுமே நமக்குத் தெரிந்த தைலமரத்தின் சொந்தக்காரங்க. இயற்கையாக வளர்வது ஆஸ்திரேலியாவின் அந்தத் தென்மேற்கு மூலையில் மட்டும்தான். காட்டின் மேல்மண்ணை விலக்கினால் அடியில் சில மீட்டர் தடிமனுக்கு பாக்சைட், அதாவது அலுமினியத்தின் மூலப்பொருள். அல்கோவா நிறுவனம் 1963ல் ஜாராடேல் என்ற ஊர்ப்பக்கம் தோண்ட ஆரம்பித்தது. கோலார் மாதிரி ஆழமான சுரங்கம் கிடையாது. ஆழம் குறைந்த குழிகள், காட்டுக்குள் திட்டுத் திட்டாக. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆழம் குறைவு என்பதால் அதே அளவு தாதுவுக்கு அழிக்க வேண்டிய பரப்பு அதிகம். இதுவரை இப்படி அழிக்கப்பட்ட காடு 20,000 ஹெக்டேருக்கும் மேல்.

இனி நான் பாராட்டி எழுதிய பகுதி. அதை இப்போதும் பாராட்டுகிறேன், ஏன்னா வேலை உண்மையிலேயே நன்றாக நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் தோண்டிய குழிகளில் பைன் மரங்களையும் கிழக்கு ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் வகைகளையும் நட்டார்கள். பச்சையாகத் தெரிந்தால் போதும் என்ற காலம் அது. 1988லிருந்து உள்ளூர் ஜாரா, மர்ரி என்று மாறினார்கள். காட்டின் விதைகளில் பெரும்பகுதி மண்ணின் மேல் சில சென்டிமீட்டரில்தான் கிடக்கிறது. அந்த மேல்மண்ணை மாதக்கணக்கில் குவித்து வைத்தால் விதைகள் செத்துப்போகும். அதனால் ஒரு குழிக்காகச் சுரண்டிய மண்ணை, வேலை முடிந்த இன்னொரு குழியில் உடனடியாகப் பரப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். இயந்திரங்கள் ஏறி இறுகிப்போன குழியின் தரையை ஆழமாகக் கீறிவிட்டார்கள். விதை மூலம் வளர மறுக்கும் செடிகளை மாரினப் என்ற இடத்து நாற்றங்காலில் திசு வளர்ப்பு மூலம் உண்டாக்கி நட்டார்கள். காட்டுத்தீயின் புகை பட்டால் முளைக்கும் விதைகள் அங்கே நிறைய. அந்தப் புகையில் இருக்கும் எந்த வேதிப்பொருள் விதையை எழுப்புகிறது என்பதை 2004ல் கண்டுபிடித்தவர்களும் பெர்த் நகர ஆய்வாளர்கள்தான்.

இதற்கெல்லாம் அங்கீகாரமும் கிடைத்தது. 1990ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' பட்டியலில் நிறுவனம் இடம்பிடித்தது. 2001ல் அந்தப் புகழ்பெற்ற எண் வந்தது: மறுவளர்ப்பு செய்த நிலத்தில் தாவர இனங்களின் எண்ணிக்கை, பக்கத்திலிருக்கும் தோண்டாத காட்டோடு ஒப்பிட்டால் சராசரியாக 100 சதவீதம்.

நூற்றுக்கு நூறு! நான் விழுந்தது இங்கேதான்.

என் தொழிலில் இதற்குச் சமமான ஒரு எண் உண்டு. நாங்கள் எழுதும் புரோகிராமில் எத்தனை வரிகளைச் சோதனைகள் தொட்டுப் பார்த்தன என்று ஒரு சதவீதம் வரும். 100 சதவீதம் காட்டினால் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு வரியைத் தொட்டுப் பார்ப்பதும் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் வேறு வேறு. நூறு சதவீதம் காட்டிய மென்பொருள், வாடிக்கையாளர் கைக்குப் போன அன்றே படுத்துக்கொண்டதை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். அது தெரிந்திருந்தும் காட்டு விஷயத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அந்த 100 சதவீதம் எதை அளக்கிறது? செடிகள் முளைத்து 15 மாதம் ஆன நிலத்தில் எத்தனை வகைத் தாவரங்கள் இருக்கின்றன என்பதை. அவ்வளவுதான். ஒவ்வொரு வகையும் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது, அதை நம்பி யார் வாழ முடியும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் வராது. கணுக்கால் உயர மர்ரி நாற்றும் ஒரு இனம்தான், இருநூறு வயது மர்ரி மரமும் ஒரு இனம்தான். கணக்கில் இரண்டும் 1.

இப்போது கிளிக்கு வருவோம். இந்தப் பகுதியில் மூன்று வகைக் கறுப்புக் காக்கட்டூக்கள் உண்டு: கார்னபி, பாடின், செவ்வால் காக்கட்டூ. மூன்றுமே சட்டப்படி அச்சுறுத்தலில் உள்ளவை. இவை குச்சியால் கூடு கட்டுபவை இல்லை. பெரிய மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். உடலும் பெரிது என்பதால் சின்னப் பொந்து உதவாது. கிளை ஒடிந்து, காயத்தில் பூஞ்சை பிடித்து, கரையான் அரித்து, நெருப்பு தின்று, அப்படி ஒரு பொந்து உருவாக மரத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆக வேண்டும். செவ்வால் காக்கட்டூ கூடு வைக்கும் மர்ரி மரங்கள் பெரும்பாலும் இருநூறு வயதை ஒட்டியவை.

ஒரு சின்னக் கணக்கு. உள்ளூர் மரங்களைக் கொண்டு மறுவளர்ப்பு தொடங்கியது 1988. அன்று விதைத்த மர்ரி, இருநூறு வயதைத் தொடும்போது 2188. இது முதல் தொகுதிக்கு. இந்த வருடம் வெட்டும் காட்டுக்கு அதற்கும் பின்னால். நடுவில் இருக்கும் ஆறேழு மனிதத் தலைமுறைக் காலத்துக்குக் கிளி எங்கே போகும்?

இரை விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. சுரங்கத்துக்குப் பிறகு வளர்த்த செடிகளில் எட்டே வருடங்களில் கறுப்புக் காக்கட்டூக்கள் வந்து தின்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் என் பழைய குறிப்பில் இதைத்தான் பெருமையாக எழுதி, 'கிளிகள் திரும்பிவிட்டன' என்று முடித்திருந்தேன். சாப்பிட வருவதும் குடியிருக்க வருவதும் ஒன்றா? ஹோட்டலில் கூட்டம் இருப்பதை வைத்து அந்தத் தெருவில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு சிக்கல், இவை பல பத்தாண்டுகள் வாழும் பறவைகள். குஞ்சு பொரிப்பது குறைந்துபோனாலும் வயதான பறவைகள் வானத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கூட்டத்தைப் பார்க்கிறவருக்கு எதுவும் குறைந்ததாகவே தெரியாது.

கிளி மட்டும் இல்லை. நெப்போலியன் அரணை என்று ஒரு ஊர்வன இருக்கிறது. தோண்டாத காட்டில் சகஜமாகத் தென்படும். மறுவளர்ப்பு நிலத்துக்குள் மட்டும் அவ்வளவாக வருவதில்லை. ஆய்வாளர்கள் காரணம் தேடியபோது, அதற்குப் பதுங்க வேண்டிய விழுந்த மரத்தண்டுகளும் கட்டைகளும் அங்கே போதவில்லை என்று தெரிந்தது. காட்டில் செத்துக் கிடக்கும் மரமும் ஒரு வீடு. தாவரப் பட்டியலில் அதற்குக் கட்டமே கிடையாது.

2018ல் ஒரு ப்ராஜெக்டுக்காகப் பெர்த்தில் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை ஜாராடேல் பக்கம் போயிருந்தேன். அப்போது எடுத்த போட்டோக்களை இப்போது மறுபடி திறந்து பார்த்தேன். பச்சைப் பசேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு படத்தில் எல்லாத் தண்டுகளும் ஒரே பருமன், கிட்டத்தட்ட ஒரே உயரம். கீழே ஒரு பெரிய கட்டைகூட விழுந்து கிடக்கவில்லை. படம் எடுத்தவன் நான்தான். அன்றைக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

நிறுவனத்தின் பக்கமிருந்து மூன்று நியாயங்கள் வரலாம். ஒன்று, செயற்கைக் கூடுகள் வைக்கலாமே. வைக்கலாம், கார்னபி காக்கட்டூ அவற்றில் குஞ்சு பொரிக்கவும் செய்கிறது. ஆனால் கூட்டுப் பெட்டிக்குப் பராமரிப்பு வேண்டும், தேனீக்களும் வேறு பறவைகளும் பிடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். 2188 வரைக்கும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கப் போவது யார்? இரண்டு, இப்போது இல்லாவிட்டாலும் காலப்போக்கில் எல்லாம் வந்துவிடும். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் 1970க்குப் பிறகு குளிர்கால மழை 15 முதல் 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. 2024 தொடக்கத்தில் நீண்ட வெயிலும் வறட்சியும் சேர்ந்து, அங்கே சுரங்கம் தொடாத காட்டிலேயே பல இடங்களில் மரங்கள் காய்ந்து பழுப்பாகின. பழைய மழையில் இருநூறு வருடம் வளர்ந்த மரத்துக்குப் பதிலாக, குறைந்த மழையில் இன்னொன்று அதே மாதிரி வளரும் என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்? மூன்றாவது, அலுமினியம் வேண்டாமா? வேண்டும். நான் இதைத் தட்டச்சு செய்யும் லேப்டாப்பின் உடம்பே அலுமினியம்தான். அதனால்தான் கணக்காவது நேர்மையாக இருக்கட்டும் என்கிறேன்.

2024ல் கிங்ஸ்லி டிக்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சூழல் மீட்புக்கான சர்வதேச அளவுகோலை வைத்து இந்த மறுவளர்ப்பை மதிப்பிட்டார்கள். கிடைத்தது ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஒரே நிலம், 2001ல் நூற்றுக்கு நூறு, 2024ல் ஐந்துக்கு இரண்டு. இரண்டில் ஒன்று பொய் என்று நான் நினைக்கவில்லை. கேள்வித்தாள்தான் வேறு.

என் விமர்சனம் காட்டைத் திரும்ப வளர்ப்பவர்கள் மேல் இல்லை. மண்ணைக் காப்பாற்றி, புகையை ஆராய்ந்து, முளைக்காத செடியை முளைக்க வைத்த உழைப்பு அது. அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, 'எப்படியும் திரும்ப வளர்த்துவிடுவோம், அதனால் அடுத்த காட்டையும் கொடுங்கள்' என்று விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்பதைத்தான் விமர்சிக்கிறேன். இன்று இருக்கும் இருநூறு வயது மரத்தை எந்த நாற்றங்காலும் தர முடியாது. அப்படியானால் தோண்டும் முன்பே அதை வரைபடத்தில் குறித்து, சுற்றி இடம் விட்டு ஒதுக்கிவிட வேண்டும். அது மறுவளர்ப்புத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி.

இனி எந்த நாட்டுச் சுரங்கமாக இருந்தாலும், 'மீட்டுவிட்டோம்' என்ற அறிக்கையைப் படிக்கும்போது நான் மூன்று கேள்விகள் வைத்துக்கொள்ளப் போகிறேன். எதை எண்ணினீர்கள்? எந்த உயிரினத்துக்காக? அது இங்கே குடிவரும் வருடம் எது? மூன்றாவதற்குப் பதிலாக ஒரு வருடத்தை எழுதித்தரச் சொன்னாலே பல அறிக்கைகளின் நிறம் மாறிவிடும்.

பழைய குறிப்பை அழிக்கப் போவதில்லை. 'கிளிகள் திரும்பிவிட்டன' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'சாப்பிட மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்ட நண்பருக்கு நன்றி.