அலையும் நகரும்: வானொலிச் சைகையிழப்பு மாதிரியுருக்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பொறியியற் சமன்பாடொன்றினை இலக்கிய மாணவன் ஒருவன் விமர்சனத்திற்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், ஐந்தாந் தலைமுறைச் செல்லிடத் தொலைபேசி வலையமைப்புகளைத் திட்டமிடுவோர் கையாளும் சைகையிழப்பு மாதிரியுருக்கள் வெறும் பௌதிகக் கூற்றுகள் அல்ல. தெரு எவ்வளவு அகலமானது, வீடு எதனாற் கட்டப்பட்டது, மனிதர் எங்கு நின்று பேசுகின்றனர் என்பன பற்றிய எடுகோள்கள் அவற்றினுள் உறைந்துள்ளன. அவ்வகையில் அவையும் நகரம் பற்றிய எழுத்துகளே.

இவ்விடத்து ஒரு தெளிவு அவசியமாகின்றது. மின்காந்த அலைக்கு வர்க்கம் இல்லை. தடையற்ற வெளியிலே தூரம் இருமடங்காகும்போது சைகையின் வலு நான்கிலொன்றாகும். அதாவது 6 டெசிபெல் இழக்கப்படும். 1946 இல் பிறிஸ் தந்த இச்சமன்பாடு எந்த நாட்டிலும் ஒன்றே. விஞ்ஞான விதிகளையே வர்க்கத்தின் படைப்பெனக் கூறும் கொச்சை மார்க்சியத்தோடு எமக்கு உடன்பாடில்லை. அலை வெளியை விட்டுத் தெருவுக்கு இறங்கும் இடத்திலேயே எமது கேள்வி தொடங்குகின்றது.

தெருவிற்கான சமன்பாடு அளவீட்டினின்றும் பிறக்கின்றது. யப்பானின் அரசுடைமைத் தொலைபேசிக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்த ஒக்குமுராவும் அவர்தம் குழுவினரும் டோக்கியோவிலும் அதன் சூழலிலும் எடுத்த அளவீடுகளை 1968 இல் வெளியிட்டனர். அவர்தம் வளைகோடுகளை 1980 இல் ஹாட்டா எளிய மடக்கைச் சமன்பாடாக்கினார். 150 முதல் 1500 மெகாஹேர்ட்ஸ் வரையிலான மீடிறனுக்கும், 1 முதல் 20 கிலோமீற்றர் வரையிலான தூரத்துக்குமே அது பொருந்தும் என்பதையும் அவர் நேர்மையுடன் குறிப்பிட்டார். ஊர்தியிற் செல்வோருக்கான சேவையை முன்னிட்டு வீதிகளில் அளந்தவை அவை. எனினும் அச்சமன்பாடு உலகெங்கும் பரவியபோது, டோக்கியோவின் நகரும் புறநகரும் ஏனைய நாடுகளின் நகருக்கும் புறநகருக்கும் அளவுகோலாயின. ஒரு காலத்தின் ஒரு நகர் 'நகர்' என்னும் பொதுமையாக உயர்ந்த வரலாறு இது.

உயர் மீடிறன்களுக்கு வரும்போது காட்சி மன்ஹற்றனுக்கு மாறுகின்றது. 28 கிகாஹேர்ட்ஸ் போன்ற அலைகள் நகரத் தெருக்களிற் பயன்படா என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 2012 இல் றப்பப்போர்ட்டும் அவர்தம் மாணவரும் நியூயோர்க்கிலே நிகழ்த்திய அளவீடுகள், சுமார் 200 மீற்றர் வரை சைகையைப் பெறமுடியும் எனக் காட்டின. ஐயத்தை அளவீட்டினால் வென்ற இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் வானளாவிய கட்டடங்கள் அலையைத் தெறிக்கச் செய்து உதவும் நகரொன்றின் சான்று அது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எமது கவனத்துக்குரிய முதன்மைப் பனுவல், மூன்றாந் தலைமுறைப் பங்காண்மைத் திட்டம் எனப்படும் அமைப்பு 2017 இல் முதலில் வெளியிட்ட 38.901 ஆம் இலக்க அறிக்கையாகும். அதன் நகர மாதிரியுருக்களுள் ஒன்றின் பெயர் 'தெருப் பள்ளத்தாக்கு'. இருபுறமும் உயர்ந்த சுவர் எழும் வீதியை அவ்வுருவகம் முன்கூட்டியே தீர்மானித்து விடுகின்றது. சுவர்ப்பொருட்கள் பற்றிய அட்டவணை இதனினும் வெளிப்படையானது. அதில் இடம்பெறுவன நான்கே: பல அடுக்குச் சாதாரணக் கண்ணாடி, வெப்பக்கதிரைத் திருப்பும் பூச்சுக் கண்ணாடி, கொங்கிறீற், மரம். 28 கிகாஹேர்ட்ஸில் முதலாவதனூடாக 7.6 டெசிபெல் இழப்பு. ஏறத்தாழ ஆறிலொரு பங்கு உட்புகும். இரண்டாவதில் 31.4 டெசிபெல்; ஆயிரத்திலொன்றும் எஞ்சாது. கொங்கிறீற்றிலோ 117 டெசிபெல். நடைமுறையில் அது முற்றான தடையே. இவற்றைக் கலந்து இருவகைக் கட்டடங்கள் அமைக்கப்படுகின்றன. ஒன்று, மூன்று பங்கு கண்ணாடியும் ஏழு பங்கு கொங்கிறீற்றும் கொண்டது. மற்றது, ஏழு பங்கு பூச்சுக் கண்ணாடியும் மூன்று பங்கு கொங்கிறீற்றும் கொண்டது. முன்னையதைப் பழைய மாடிக்கட்டடம் என்றும் பின்னையதைக் குளிரூட்டப்பட்ட அலுவலகம் என்றும் நாம் வாசிக்கலாம். தகரம் இல்லை. மண்சுவர் இல்லை. உலோகத் தகடு அலையை முற்றாகவே திருப்பிவிடும் என்பது பாடசாலைப் பௌதிகம். ஆயினும் தகர வீட்டினுள் இருப்பவர் இவ்வட்டவணையில் இடம்பெறவில்லை.

இனிச் சந்துகளை நோக்குவோம். நான்காந் தலைமுறைக்கெனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2009 இல் திருத்தி வெளியிட்ட அறிக்கையின் பெருநகர மாதிரியுருவிலே, தெருவின் அகலம் 5 முதல் 50 மீற்றர் வரை இருக்கலாம்; வழமையாகக் கொள்ளப்படுவது 20 மீற்றர். இருவர் ஒருவரையொருவர் ஒதுங்கிச் செல்லும் சந்து இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. சமன்பாடு தனது எல்லையைக் கூறுகின்றது. அதைக் கையாள்பவரே மறந்துவிடுகின்றார்.

மாதிரியுரு விளக்காத எச்சம் யாவும் 'நிழல் மங்கல்' என்னும் எழுமாற்று மாறியாகின்றது. தெருப் பள்ளத்தாக்கிலே கோபுரம் நேரே தெரியாத நிலைக்கு அதன் நியம விலகல் 7.82 டெசிபெல். கணித முறைமை என்ற வகையில் இதில் தவறில்லை. ஒவ்வொரு மரத்தையும் மதிலையும் எவராலும் எழுதிவிட முடியாது. ஆனால் தகரக் கூரைகளும் ஒடுங்கிய சந்துகளும் நகரிலே எழுமாறாகச் சிதறிக் கிடப்பனவல்ல. நிலவுடைமையும் வாடகையும் கூலியும் அவற்றை ஓரிடத்தே குவித்துள்ளன. வறியவரின் குடியிருப்புக்கு உரிய ஒழுங்கான இழப்பு தற்செயலின் கணக்கிலே எழுதப்படும்போது, சமூக உறவு பொருளின் குணமாகத் தோற்றுகின்றது. மார்க்ஸ் பண்டத்தினிடத்துக் கண்ட மாயத்தின் உறவுமுறை இங்கும் உண்டு எனலாம். கோபுரம் எங்கு அமையவேண்டும் என்பதை இலாபமே பெரிதும் தீர்மானிக்கின்றது என்பது உண்மை. அப்பழியைச் சமன்பாட்டின்மேற் சுமத்துவது பொருந்தாது. ஆனால் அம்முடிவு 'தொழில்நுட்பக் காரணம்' என்னும் ஆடையணிந்து வருவதற்கு இம்மௌனம் துணைபோகின்றது.

நகரின் முப்பரிமாண வரைபடத்தினூடே கதிர்களைத் தொடர்ந்து கணிக்கும் முறை இக்குறையைத் தீர்க்கும் என்பர். அதற்கு முதலில் வரைபடம் வேண்டும். நைரோபியின் கிபேரா, 2009 இல் அவ்விடத்து இளைஞரின் பங்களிப்போடு வரையப்படத் தொடங்கும்வரை, பொது வரைபடங்களிற் பெரிதும் வெற்றிடமாகவே இருந்தது.

பௌதிகத் தடை எதுவும் இங்கில்லை. தெருவின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் கட்டடங்களின் இடைவெளியையும் சமன்பாட்டினுட் கொணரும் வழியை இக்கெகாமி, வோல்பிஷ் போன்றோர் 1980களிலேயே காட்டியிருந்தனர். தகரச் சந்துக்கும் அவ்வாறே எண்கள் பெறலாம். அளவீட்டு ஊர்தி அங்கு நுழையாது என்பதால், கருவியைத் தோளிற் சுமந்து நடந்தே செல்லவேண்டியிருக்கும்.